வான்கோழிக்குச் சேலை மடித்த காலை

அமெரிக்காவில் வில்லும் அம்பும் வைத்து ஒரு காட்டு வான்கோழியை அடித்துவிட்டு வந்தேன் என்றால் தி.நகரில் ஒரு பயலும் நம்புவதில்லை. என் பட்டுக் கடைக்கு வருகிற ஏஜெண்டுகள் சிரிக்கிறார்கள். என் மைத்துனனோ, "துப்பாக்கிதானே மாமா?" என்று கண்ணடிக்கிறான். துப்பாக்கி இல்லையடா, வில். அதுவும் தரையில் போட்ட ஒரு சின்னக் கூடாரத்துக்குள் ஒளிந்து உட்கார்ந்து அடித்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வேலைக்குப் போன இடத்தில் அந்த ஊர்ப் பையனையே விரும்பிக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கம். அவருடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, பண்ணை வைத்திருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், அருமையான மனிதர். தொல்லையே அதுதான். முதல் தடவை நாங்கள் போனபோது என்னை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. பெட்டியில் கை வைத்தால் பிடுங்கிக்கொள்வார். படி ஏறினால் முழங்கையைப் பிடிப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, கையில் ஜூஸைக் கொடுத்து, முழங்காலில் ஒரு போர்வையும் போட்டுவிட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. முப்பது வருஷமாகப் பட்டுச் சேலைக் கட்டு தூக்கி இறக்குகிற தோள் என்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதைக்காகச் செய்கிறாரப்பா என்றாள் மகள். மரியாதை இல்லையம்மா, என்னை ஆஸ்பத்திரி கேஸ் ஆக்குகிறார் என்றேன்.

வசந்தம் வந்தால் அவருக்கு வான்கோழி வேட்டை. நானும் வருகிறேன் என்று கேட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று முதுகில் தட்டினார், குழந்தைக்குச் சொல்வதுபோல. அடுத்த முறை இந்த மனிதர் என்னைத் தனக்குச் சமமாக நடத்த வேண்டும், நடத்த வைக்கிறேன் பார் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வில் வாங்கினேன். கடையில் மிஞ்சிய வெட்டுத் துணியைச் சாக்கில் திணித்து, கே.கே. நகர் வீட்டு மொட்டைமாடியில் சுவரோரம் நிறுத்தினேன். அம்பைத் தாங்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது. ஆனால் அம்பு சாக்குக்குப் போனால்தானே?

"ஏங்க, இந்த வயசுல எதுக்குங்க ராஜா வேஷம்?" என்றாள் என் மனைவி, துணி உலர்த்த வந்தவள். நான் அடுத்த அம்பைத் தொடுத்தேன். மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலே ஏறிப் பார்த்த பிளம்பர் அங்கிருந்தே தெருவுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "இன்னா சார், டேங்க்ல அம்பு சொருவிக்கினு கீது?" என்றார். அதற்குப் பிறகு கீரைக்கார அம்மாகூட என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போகும். போகட்டும். தை பிறப்பதற்குள் என் அம்புகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. வீடியோ எடுத்துச் சம்பந்திக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

சித்திரையில் மறுபடி போனோம். முறைப்படி லைசென்ஸ் எடுத்து, அவருடைய காட்டோரத்துக்கு விடியுமுன்னே கிளம்பினோம். எல்லாப் பைகளையும் அவரே தூக்கினார். என் வில்லைக்கூட.

வேட்டை முறை இதுதான். கூடாரத்துக்குள் சுற்றிலும் கறுப்பு, நாமும் கறுப்பு உடுத்தி அசையாமல் உட்கார வேண்டும். வெளியே ஒரு பிளாஸ்டிக் பெட்டை வான்கோழி நிற்கும். சம்பந்தி கையில் ஒரு சின்ன மரப்பெட்டி. அதன் மூடியைத் தேய்த்தால் பெட்டை கூப்பிடுகிற சத்தம் வரும். அதைக் கேட்டுச் சேவல் தேடி வரும்.

முதல் நாளே ஒன்று வந்தது. கூடாரத்து ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது. விட்டேன். அம்பு ஜன்னலின் கீழ்விளிம்பில் குத்தி மடங்கிக்கொண்டது. கண் இருப்பது மேலே, அம்பு இருப்பது ஒரு சாண் கீழே. கண்ணுக்குத் தெரிகிற வழி அம்புக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மொட்டைமாடியில் ஏது ஜன்னல்? சம்பந்தி திட்டியிருந்தால் பரவாயில்லை. முதுகில் தட்டிக் காபி ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் தினமும் போய் வெறுங்கையோடு திரும்பினோம். மறுநாள் விமானம் ஏற வேண்டும் என்கிற கடைசிக் காலையில் ஒரு பெரிய சேவல் மரத்திலிருந்து இறங்கி, பதில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தது. வந்து, புல்வெளியின் அந்தக் கோடியில் நின்றுவிட்டது. அம்பு எட்டாத தூரம். சம்பந்தி பெட்டியைத் தேய்த்தார். அது கத்தியது, வாலை விரித்துக் காட்டியது, ஓரடி நகரவில்லை. அவர் இன்னும் தேய்த்தார். அதுவும் இன்னும் ஜம்பமாக நின்றது.

அட, இது எனக்குத் தெரிந்த கிராக்கி ஆயிற்றே!

பட்டுக் கடையில் மெத்தையில் உட்கார்ந்தவனுக்கு இது தினசரிக் காட்சி. ஒரு சேலை மேல் கண் வைத்துவிட்டு, வாசலில் போய் நிற்பார்கள். புதிதாக வந்த சேல்ஸ்மேன் வாங்கம்மா, குறைத்துத் தருகிறேன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். கூப்பிடக் கூப்பிட அவர்கள் பக்கத்துக் கடைக்குத்தான் போவார்கள். நான் வாயை மூடிக்கொள்வேன். அந்தச் சேலையை எடுத்து, பட்டு சரசரக்க, நிதானமாக மடிக்க ஆரம்பிப்பேன். உனக்கு வேண்டாமென்றால் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்கிற சத்தம் அது. அதை எந்த மனுஷியாலும் தாங்க முடியாது.

"குடுங்க சம்பந்தி" என்று தமிழிலேயே முணுமுணுத்துப் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன். அவர் திகைத்துப்போனார். நான் குனிந்து, கூடாரத் துணிக்கு அடியில் கையை விட்டு, சருகைக் கீறினேன். ஒரு கீறல், இன்னொன்று, கொஞ்சம் சும்மா. பெட்டை தன்பாட்டுக்கு இரை கிளறுகிற சத்தம்.

சேவல் திரும்பிப் போய்விட்டது. சம்பந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெட்டிக்குக் கையை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். வாசலைத் தாண்டிப் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். உள்ளுக்குள் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் சேலையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

வந்தது. கத்தாமல், அவசரமாக, பக்கத்துப் புதரிலிருந்து நேரே பிளாஸ்டிக் பெட்டைக்கு முன்னால் வந்து நின்றது. சிவப்பும் நீலமுமாகத் தலை. நமக்கு முதுகைக் காட்டி வாலை விரித்தது. அந்த விரிப்பு அதன் தலையையே மறைத்தது. அந்த ஒரு கணத்தில் வில்லை இழுத்தேன். அம்பு ஜன்னல் விளிம்பைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். சேவல் திரும்பியது. விட்டேன்.

நாலு எட்டு வைத்து விழுந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. முருகா என்று கத்தியதாகச் சம்பந்தி இன்றைக்கும் வீடியோ காலில் நடித்துக் காட்டுகிறார். என்னைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு மகள் பிறந்தபோது வந்தது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

காலைக் கட்டிப் பறவையைத் தோளில் போட்டேன். நல்ல கனம். பழக்கதோஷத்தில் சம்பந்தியின் கை அதை வாங்க நீண்டது. பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடாரத்தை மடித்துப் பைக்குள் போட்டு, அந்தப் பையை என் இன்னொரு தோளில் மாட்டினார். நாற்காலிகளையும் அதன் மேலேயே தொங்கவிட்டார். இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, விசில் அடித்தபடி எனக்கு முன்னால் மேடேறிப் போனார். எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. வீடு வருகிறவரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.