புதுத் துவக்கும் நிரப்பாத படிவமும்

மூன்று வருடங்களுக்கு முன், செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது. லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹவுன்ஸ்லோவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில், நான் வேலை செய்யும் கடை இருக்கிறது. துவக்குக் கடை, அதாவது துப்பாக்கிக் கடை. சண்டைக் காலத்தில் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிய ஆள் நான். இங்கே வந்து அதையே துடைத்து அடுக்கி விற்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்றுதான் சொல்வேன். அது பொய்யுமில்லை. எங்களிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், மெஷின் வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைச் சுட்டு விளையாடுகிறவர்கள். பொலிஸ் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒருவருக்கும் விற்க மாட்டோம்.

எங்கள் முதலாளி வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். அவர் எனக்கு முதல் நாளே சொல்லித் தந்த சட்டம் ஒன்று உண்டு. வாங்கிய ஆள் திரும்பி வந்து பிழை என்றால், வாதாடக் கூடாது. படிவம் நிரப்பி, துவக்கில் சிவப்பு அட்டை கட்டி, துவக்குத் திருத்தும் எங்கள் மெக்கானிக்கின் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். விற்றவர் நாங்கள், அதனால் பொறுப்பும் எங்களுடையது என்பார். ஆறு வருடம் ஒரு நாள்கூட நான் அதை மீறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். வால்தம்ஸ்டோவில் பல் வைத்தியர், முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று கிழமைக்கு முன் எங்களிடம்தான், குழலை மடக்கித் திறந்து தோட்டா போட்டு மூடுகிற புது இரட்டைக்குழல் துவக்கு வாங்கியிருந்தார். கடைக்கு வந்த முதல் தமிழ்ப் பெண் என்ற சந்தோஷப் புளுகத்தில், இதுதான் திறம் என்று நானே தெரிவுசெய்து கொடுத்தேன். அதை உறையோடு மேசையில் வைத்துவிட்டு, கடையில் வேறு ஆட்கள் இல்லாதபடியால் தமிழிலேயே சொன்னார்.

"அண்ணை, போன சனிக்கிழமை தோட்டா போட்டு மூடேக்க, தன்பாட்டில வெடிச்சிட்டுது. நான் விசையில கை வைக்கேல்லை."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என் வாயில் நானே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

"தங்கச்சி, புதுசாப் பழகிற ஆக்களுக்கு உப்பிடித்தான். விரல் பட்டிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிராது."

"படேல்லை எண்டுதான் நினைக்கிறன் அண்ணை..."

போலித் தோட்டா இரண்டைப் போட்டு, மூன்று தரம் திறந்து மூடிக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தியளே? அப்பிடியும் பயமெண்டால் பெட்டிக்குள்ள வாரண்டி அட்டை கிடக்கு, கொம்பனிக்கு எழுதிப் போடுங்கோ. ரெண்டு மாசத்தில பாத்துத் தருவினம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஏன் அப்படிச் செய்தேன்? வெள்ளைக்காரர் ஒருவர் அதே முறைப்பாட்டோடு வந்திருந்தால் வாய் திறக்காமல் படிவத்தை எடுத்திருப்பேன். இவர் எங்கட ஆள். எங்கட ஆளோடு படிவம் எதற்கு, கதைத்தே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவரும் வேறு கடையென்றால் மனேஜரைக் கூப்பிடு என்றிருப்பார். அண்ணை என்று கூப்பிட்டவரோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று பேசாமல் போய்விட்டார். இதற்குள் என் வீம்பும் இருந்தது. நான் தெரிவுசெய்து கொடுத்த சாமான் பழுதென்று மற்றவர் சொல்லக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கதவு திறந்தது. முன்னால் அவர், பின்னால் அவருடைய கணவர், ஒரு காலை இழுத்து இழுத்து.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி சுடுவதைப் பார்க்கவென்று அந்த மனிதர் முதல்தடவையாக மைதானத்துக்குப் போயிருக்கிறார். கணவர் பக்கத்தில் நிற்க, மனைவி தோட்டா போட்டு மூடியிருக்கிறார். துவக்கு வெடித்திருக்கிறது. குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டுதான் மூட வேண்டும் என்று பழக்கியிருந்தபடியால், குண்டுகள் கணவரின் கால் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளப்பியிருக்கின்றன. சிதறிய கற்கள் காலைக் கிழித்ததோடு போயிற்று. குழல் கொஞ்சம் திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர்கள் இருவரும் சொல்லவில்லை.

முதலாளி இருவரையும் இருத்தி, முழுவதையும் கேட்டார். மெக்கானிக் துவக்கை வாங்கி, மைதானத்தில் மூடுவதுபோல் இறுக்கி மூடி மூடிப் பார்த்தார். எட்டாவது தரம், விசையைத் தொடாமலே, உள்ளே தோட்டாவை அடிக்கும் சுத்தியல் 'டக்' என்று விழுந்தது. கழற்றிப் பார்த்தால், சுத்தியலைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய சின்ன இரும்புத் துண்டு பிழையாக வெட்டப்பட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்தே வந்த பழுது.

முதலாளி மன்னிப்புக் கேட்டார். கொம்பனிக்கு எழுதுவது எங்கள் வேலை, உங்கள் வேலையல்ல என்றார். பிறகு, இப்படி முன்பும் நடந்ததா, எங்களில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, இல்லை, இதுதான் முதல்தடவை என்றார்.

கணவர் திடுக்கிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. காலில் கட்டோடு இருந்தவர், தலையைக் குனிந்துகொண்டார். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என் வேலை தப்பியிருக்கும். ஆனால் அதற்கு மேல் என்னால் நிற்க ஏலவில்லை. அவர் வெள்ளிக்கிழமையே வந்தார், என்னிடம் சொன்னார், நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

முதலாளி திட்டவில்லை. அதே ரகத் துவக்கை எங்களிடம் வாங்கிய ஒன்பது பேரின் பெயரை எழுதி, தொலைபேசியை என் முன்னால் வைத்தார். நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அதில் தோட்டா போடாதீர்கள், திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றேன். வந்தவற்றில் இன்னும் இரண்டில் அதே பழுது இருந்தது.

அவர்கள் போகும்போது வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்டேன். கணவர் தலையாட்டிவிட்டுக் காரை எடுக்கப் போனார். அந்தப் பெண் நின்று சொன்னார்:

"அண்ணை, அண்டைக்கே எனக்கு அதைத் திருப்பி வீட்டை கொண்டுபோக விருப்பமில்லை. நீங்கள் சொன்னபடியால்தான் கொண்டுபோனனான்."

அந்தக் குரலில் கோபமே இருக்கவில்லை. என் வேலை போகவில்லை, யாருடைய உயிரும் போகவில்லை. ஆனாலும் தன் கையில் வெடித்ததைத் தானே கண்ட ஒருவர், நான் சிரித்துச் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தன்னையே நம்பாமல் போனார் என்பது மட்டும் இன்றைக்கும் என் மனதைவிட்டுப் போகவில்லை.