மூன்று அணிகளும் ஒரு நடுவரும்

சந்திரிகா வாரத்தில் ஐந்து நாள் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பொருளியல் நடத்துகிறாள். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றம் பேசுகிறாள். பள்ளியில் முப்பது வருடம், மேடையில் இருபத்திரண்டு.

யாருக்கும் வேண்டாத அணியை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாட்டாளர்களிடையே அவளுக்கு ஒரு பெயர் உண்டு. மயிலாப்பூரில் கைபேசி ஒரு வரம் என்று பேசிவிட்டு, அதே வாரம் அசோக் நகரில் அது சாபம் என்று பேசியிருக்கிறாள். இரண்டு இடத்திலும் ஒரே ஜோக். ஒரு துணிக்கடை விழாவில், ஆடித் தள்ளுபடியால் குடும்ப ஒற்றுமை வளர்கிறது என்று குரல் தழுதழுக்கப் பேசினாள். பெருங்குடியில் ஒருமுறை, கொசு பெருகக் காரணம் மக்களே என்று பேசியபோது, அவளைச் சமையலறை வழியாகக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

இத்தனை வருடங்களில் அவள் ஆசைப்பட்டது நடுவர் நாற்காலிக்கு மட்டும்தான். பேச்சாளருக்கு எட்டு நிமிடம். எட்டாவது நிமிடம் நடுவர் மணியடிப்பார். பிறகு அவர் நாற்பது நிமிடம் பேசுவார். அவருக்கு மணியடிக்க ஆள் கிடையாது.

வாய்ப்பு அடையாறில் வந்தது, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில். வழக்கமான நடுவர் குருபிரசாத் மூன்று நாட்களில் நான்கு மேடை ஒப்புக்கொண்டிருந்தார். நான்காவதற்கு முன்பே குரல் போய்விட்டது. ‘காற்று மட்டும் வருகிறது’ என்று வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதாந்தம் போனும் கையுமாக ஓடிவந்தார்.

“மேடம், நீங்களே நடுவரா ஒக்காந்துடுங்கோ. நன்னா அமைஞ்சுதுன்னா இனிமே வருஷா வருஷம் நீங்கதான்.”

விழாச் செலவை ஏற்றிருந்த தி. நகர் நகைக்கடை முதலாளி அய்யாதுரை பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கடைக்குப் பதினோரு ஊர்களில் கிளை. ஒவ்வொரு கிளையிலும் தீபாவளிக்கு ஒரு பட்டிமன்றம். “இன்னைக்கு நல்லா பண்ணிருங்க டீச்சர். பதினோரு ஊருக்கும் உங்களையே போட்டுருவோம்” என்றார்.

சந்திரிகா நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸில் தலைப்பு இருந்தது: ‘நாட்டின் பொருளாதாரச் சிக்கலுக்குப் பெரிதும் காரணம் அரசியல் கட்சிகளா, பணக்காரர்களா, நடுத்தர வர்க்கமா?’

தலைப்பு வேதாந்தம் யோசித்தது. அவர் யோசித்தபோது சிறப்பு விருந்தினர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். செலவு ஒரு அப்பளக் கம்பெனியுடையது. தலைமையாசிரியர் மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்விட்டார். அப்பளக் கம்பெனி கடைசி நேரத்தில் பின்வாங்கியது. அவர்கள் இடத்தில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் முருகனும் அய்யாதுரையும் வந்தார்கள். பிளெக்ஸ் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

பட்டிமன்றத் தீர்ப்பு மேடையில் முடிவாவதில்லை. விழா தொடங்குமுன், பேச்சாளர்கள் போண்டா சாப்பிடும் இடத்தில், யாராவது ஒருவர் வந்து நடுவர் காதில் சொல்லிவிட்டுப் போவார். இங்கே போண்டா குடியிருப்பின் உடற்பயிற்சி அறையில் வைக்கப்பட்டிருந்தது. சந்திரிகா தட்டை டிரெட்மில் மேல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதலில் வேதாந்தம் வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு மேடம். நடுத்தர வர்க்கம்னு மட்டும் தீர்ப்பு சொல்லிடாதீங்கோ. வந்திருக்கறவா எல்லாரும் அதுதான். போன தடவை லிஃப்ட் ரிப்பேருக்கே என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டா. நாட்டையே கெடுத்தது நாமதான்னு கேட்டா, நான் இந்த கேட்டுக்குள்ள நடமாட முடியாது.”

அவள் நடுவரானதால் நடுத்தர வர்க்க அணியில் ஒருவர்தான் மிச்சம். அது எவ்வளவு பலவீனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அய்யாதுரை. ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தார்.

“பணக்காரங்களை எல்லாரும் திட்டட்டும் டீச்சர். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நானே கைதட்டுவேன். தீர்ப்பு மட்டும் யோசிச்சிக்கிடுங்க. பின்னால பேனர்ல எங்கடை பேரு, முன்னால நீங்க மைக்கைப் பிடிச்சிக்கிட்டு ‘பணக்காரர்களே’ன்னு சொல்லுதீங்க. அதைப் போட்டோ எடுத்து எவனாவது போட்டான்னா? கடைக்கு எதிர்த்தாப்புலயே வேற நகைக்கடைதான் இருக்கு.”

மூன்றாவதாக முருகன். வெள்ளைச் சட்டை, பின்னால் இரண்டு பேர்.

“வணக்கம் மேடம். கட்சிங்கதான் காரணம்னு தாராளமா சொல்லுங்க. நமக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. ஆனா மொத்தமா கட்சின்னு சொன்னா நம்ம கட்சியும் அதுல பூந்துக்கினு வரும் பாருங்க. அதனால எதிர்க்கட்சின்னு சொல்லிடுங்க.”

“எந்த எதிர்க்கட்சி சார்? டில்லியிலயா, இங்கயா?”

முருகன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். ஒருவன் காதில் ஏதோ சொன்னான்.

“அங்க வேற கூட்டணி பேசிக்கினு கீறாங்களாம் மேடம். எவன் நாளைக்கு நம்மாளு ஆவான்னு தெரியாது. வேணாம். யாரையும் சொல்லாதீங்க.”

அவர்கள் போன பிறகு சந்திரிகா டிரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று அணி. மூன்றும் கூடாது. வெளிநாட்டுச் சதி என்று சொல்லலாம். ஆனால் குடியிருப்பில் பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். மழை வெள்ளம் என்று சொல்லலாம், அந்த வருடம் மழையே பெய்யவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இரவு உணவுக்கான மேசைகளை ஒரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். பி பிளாக்கில் மூன்று வீடுகளில் வேலை செய்பவள், பெயர் தபஸ்ஸும். ஏழைகள் என்று சொன்னால் இந்த அரங்கில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏழைகள் தலைப்பில் இல்லை. சிக்கலில் மட்டும்தான் இருந்தார்கள்.

பட்டிமன்றம் நன்றாகவே நடந்தது. கட்சிகளைத் திட்டிய அணியில் ஒருவர் தேர்தலுக்கு முன் வந்த மிக்ஸியையும் தேர்தலுக்குப் பின் வந்த மின்கட்டணத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். முருகன்தான் அதிகம் சிரித்தார். பணக்காரர்களைத் திட்டிய அணியில் ஒருவர், அவர்கள் கடன் வாங்கினால் விமானம் ஏறுகிறார்கள், நாம் வாங்கினால் பரணில் ஏறி ஒளிந்துகொள்கிறோம் என்றார். அய்யாதுரை சொன்னபடியே கைதட்டினார். நடுத்தர வர்க்கத்தைத் திட்ட மிச்சமிருந்தவர், மாலில் குளிர்ந்த காபிக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாசலில் கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறோம் என்றபோது, முன்வரிசை திடீரென்று அமைதியானது. சந்திரிகா ஆறாவது நிமிடமே மணியடித்தாள். மணி நன்றாக ஒலித்தது. தேவையில்லாமல் இன்னொரு முறையும் அடித்தாள்.

பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவர்கள் சொன்னதும் சரி என்றாள். அவர்கள் சொன்னதையும் மறுக்க முடியாது என்றாள். மூன்றாமவர் சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது என்றாள். குருபிரசாத் இதை நாற்பது நிமிடம் செய்வார். அவளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அரங்கு அவளைப் பார்த்தது. வேதாந்தம் கண்ணாலேயே கெஞ்சினார். அய்யாதுரை பேனரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். முருகன் போனை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்த நாட்டின் பொருளாதாரச் சிக்கலுக்குப் பெரிதும் காரணம்,” என்றாள் சந்திரிகா, “பொருளியல் ஆசிரியர்களே!”

சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எனவே தொடர்ந்தாள்.

“கட்சிக்காரர் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார். பணக்காரரும் அங்கேதான். நீங்களும் அங்கேதான். தேவைக்கு ஒரு கோடு போட்டேன், அளிப்புக்கு ஒரு கோடு போட்டேன், இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்றேன். முப்பது வருடமாகக் கரும்பலகையில் சந்திக்கின்றன. வெளியே இதுவரை சந்திக்கவில்லை. அது தெரிந்தும் உங்கள் எல்லோருக்கும் பாஸ் மார்க் போட்டேன். குற்றம் என்னுடையது.”

இதற்கடுத்து, ‘விளையாட்டுக்குச் சொன்னேன், உண்மையில் நாம் எல்லோருமே பொறுப்பு’ என்று முடிப்பதாகத் திட்டம். அந்த வாக்கியத்துக்குள் நுழைய முடியவில்லை. அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. இருபத்திரண்டு வருடங்களில் அப்படி ஒரு கைதட்டலை அவள் கேட்டதில்லை. அதில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது.

முருகன் மைக்கை வாங்கினார். “டீச்சர் ஒத்துக்கினாங்க. யாருக்குங்க கீது இந்த தில்லு?” என்று சொல்லிவிட்டுப் பொன்னாடை போர்த்தினார். அய்யாதுரை மேடையிலேயே அவள் நாட்குறிப்பில் பதினோரு தேதிகளையும் எழுத வைத்தார். “எல்லா ஊர்லயும் இதே தீர்ப்புதான் டீச்சர். ஒரு எழுத்து மாத்தாதீங்க.”

சாப்பாட்டு வரிசையில்தான் அவள் தீர்ப்பின் முழு அளவும் தெரியவந்தது. தட்டோடு ஒருவர் நெருங்கி, தன் மியூச்சுவல் ஃபண்ட் இறங்கியதற்கு விளக்கம் கேட்டார். “படிச்சவா நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்று ஒரு மாமி வருத்தப்பட்டாள். ஜி.எஸ்.டி. பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தபோது சாம்பார் சாதம் ஆறிவிட்டது. வேதாந்தம்கூட, பாயசத்தைக் குடித்துக்கொண்டே, “பெட்ரோல் விஷயத்துல கொஞ்சம் முன்னாடியே ஜாக்கிரதையா இருந்திருக்கலாம் மேடம்” என்றார்.

சந்திரிகா தட்டைப் போடப் போனாள். எச்சில் தட்டுகளை வாங்கிக்கொண்டிருந்த தபஸ்ஸும் அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“மைக்ல ஒத்துக்கினது நீங்கதானே டீச்சர்?”

“ஆமா.”

“அப்ப கேஸ் வெல எப்ப கொறைப்பீங்க?”

சந்திரிகா சுற்றிப் பார்த்தாள். அய்யாதுரை காரில் ஏறிக்கொண்டிருந்தார். முருகன் ஐஸ்கிரீமோடு செல்ஃபிக்கு நின்றுகொண்டிருந்தார். வேதாந்தம் இரண்டாவது கப் பாயசத்தில் இருந்தார். கையில் பொன்னாடை இருந்தது, பைக்குள் பதினோரு ஊர் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியாது. நான் இல்லை என்றும் இனிச் சொல்ல முடியாது.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு முன்னாடி இருந்த டீச்சர் எல்லாத்தையும் ரொம்பக் கெடுத்து வெச்சுட்டுப் போயிட்டாங்கம்மா. சரிபண்ண எனக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்.”

தபஸ்ஸும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எலக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா டீச்சர்?” என்றாள்.