மிச்சம் வைக்காத தட்டு

கம்பெனி பஸ்ஸுக்காக எங்கள் தெருமுனையில் நிற்கும் அம்மாக்களுக்கு அப்போது ஒரே பேச்சுதான். அவரவர் பிள்ளை எவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறது என்ற பேச்சு. மாமியார், லைனில் கத்தும் சூப்பர்வைசர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருத்தி தன் மகன் அரை இட்லியோடு வாயை மூடிக்கொள்கிறான் என்பாள். அரை இட்லியாவது இறங்குகிறதே, என் மகள் பாலை மோந்து பார்த்துவிட்டே தள்ளிவிடுகிறாள் என்பாள் இன்னொருத்தி. அழாத குறையாகத்தான் சொல்வார்கள். ஆனால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்தப் போட்டியில் பெரும்பாலும் ஜெயிப்பது என் அம்மாதான்.

"காத்த குடிச்சிகினு வளருதுக்கா எம்பொண்ணு. ஒரு வாய்க்கு ஒரு கத கேக்குது."

அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, சாப்பிடாமல் இருப்பது ஏதோ பெரிய திறமை என்று தோன்றியது. நீ என்ன சாப்பிட்டாய் என்று அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் எப்போதாவது கேட்டால், "எனக்கு இன்னாண்ணா, எதுனா ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் என் கதைக்கு வந்துவிடுவாள்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் நைட் ஷிப்ட். அம்மாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில், கான்ட்ராக்டில், காலை ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவர்கள் புருஷன் பெண்சாதி. எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். பகலெல்லாம் நான் அவள் பொறுப்பு.

அத்தை என்னைக் குளிப்பாட்டலாம், தலை வாரலாம், பால்வாடிக்குக் கூட்டிப்போகலாம். சோறு ஊட்ட மட்டும் அவளுக்குத் துப்பில்லை என்பது அம்மாவின் கட்சி. தன் கையால் ஊட்டாமல் போனால் பிள்ளை அன்று முழுக்கப் பட்டினி என்று நம்பினாள். அதனால் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து சோறு வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்து, தூங்குகிற என்னை அள்ளி மடியில் போட்டுக்கொள்வாள். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்குப் பசிக்கும்? பாதிக் கண் மூடியபடி நாலு வாய் வாங்குவேன். பிறகு தலையைத் திருப்பிக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு தட்டு உண்டு. அத்தைக்கு ஒரு தட்டு. எனக்கு விளிம்பு நசுங்கிய சின்ன எவர்சில்வர் தட்டு. அம்மாவுக்குத் தட்டு கிடையாது. வாங்க வழியில்லாமல் அல்ல, அது இல்லையென்று யாருக்கும் தோன்றியதில்லை, அவளுக்கும்தான். நான் மிச்சம் வைப்பதை நின்றவாக்கில் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, ஈரக் கையோடு பஸ்ஸுக்கு ஓடுவாள். பானையில் சோறு இருக்கும். ஆனால் அது வேலை முடிந்து வரும் அப்பாவுக்கும் மத்தியானம் அத்தைக்கும். அதிலிருந்து தனக்கென்று ஒரு கரண்டி போட்டுக்கொள்வது அவளுக்குத் தெரியாத வித்தை.

கம்பெனியில் கேன்டீன் இருந்தது. ஆவியில் வெந்த சோறு, வாசனையே இல்லை, தொண்டையில் இறங்கவில்லை என்பாள். இறங்கினாலும் அதற்கு நேரம் ஏது? சாப்பாட்டு நேரத்தில் பாதி கழிவறை வரிசையிலேயே போய்விடும். நடுவில் லைனை விட்டுக் கழிவறைக்குப் போக மாற்று ஆள் தேட வேண்டுமே என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இதெல்லாம் பிற்பாடு நானும் அப்படியொரு லைனில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வெள்ளை பஸ் வருகிறது, அம்மாவை விழுங்குகிறது, போய்விடுகிறது என்பது மட்டும்தான்.

எனக்கு ஐந்து வயது இருக்கலாம். என்னை அவசரப்படுத்த அம்மா ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள்.

"சீக்கிரம் துன்னு கண்ணு. தட்டு காலியானாதான் அம்மாவுக்கு பஸ்ஸு வரும்."

பாவம், என்னைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம். பஸ் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாக நினைத்துவிட்டாள். நான் அன்றிலிருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நாலு வாய் இரண்டானது. இரண்டு ஒன்றானது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். அம்மா கெஞ்சுவாள், மிரட்டுவாள், கடைசியில் மிச்சத்தைத் தானே வழித்துப் போட்டுக்கொள்வாள். தட்டு காலியாகிவிடும். பஸ்ஸும் வந்துவிடும். இது அநியாயம் என்று எனக்கு அழுகை வரும்.

பால்வாடியில் மாதாமாதம் எங்களைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். அந்த மாதம் எடை பார்க்கும் நாள் அம்மாவுக்கு லீவு நாளாக அமைந்துவிட்டது. டீச்சர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மற்ற அம்மாக்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அம்மாவிடம் கேட்டார்.

"புள்ளைக்கு சோறு போடறியா இல்லியா?"

அம்மா வீட்டுக்கு வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படி அழுதாள். வேலைக்குப் போய் என்ன பிரயோஜனம், பெற்ற பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டத் தெரியாதவள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவள் கழுத்து எலும்பும் என் கழுத்து எலும்பும் ஒரே மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. டீச்சர் பார்த்தது என்னுடையதைத்தான். அம்மாவும் என்னுடையதைத்தான் பார்த்தாள்.

விஷயத்தை என் வாயிலிருந்து பிடுங்கியவள் அத்தை. ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் பஸ் கதையை நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ரகசியம் சொல்வது போல என் காதில் சொன்னாள்.

"ஒங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுடி. அது அப்டி இல்ல. நீ ஒரு பருக்கை வுடாம துன்னு பாரு. ஒரு நாளைக்கு பஸ்ஸு ஒங்கம்மாவ வுட்டுட்டு பூடும்."

அந்த 'ஒரு நாளைக்கு' என்பதில்தான் அத்தையின் சாமர்த்தியமெல்லாம் இருந்தது. மறுநாள் காலை தட்டை முடித்தேன். பஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. அத்தையிடம் நியாயம் கேட்டேன். அவள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு பருப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் என்றாள். அதற்கடுத்த நாள் விரலால் வழித்தேன். அதற்கும் அடுத்த நாள் நக்கினேன். பசி இருந்ததோ இல்லையோ, வைராக்கியம் இருந்தது. வயிறு முட்டி, கண்ணில் நீர் வர, கடைசி வாயை விழுங்கிவிட்டுத் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவேன்.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் முனைப் போட்டியில் அவள் அடியோடு தோற்றுப்போனாள், அந்தத் தோல்வியைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "ஒரு பருக்கை வெக்கறதில்லக்கா இப்பல்லாம்." காலித் தட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்பாள். பிறகு அதைத் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்துவிட்டு ஓடுவாள். அவள் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டாளா, சாப்பிட மறந்தாளா, எனக்குத் தெரியாது. என் கன்னம் உப்பியது. அடுத்த எடையில் டீச்சர் அம்மாவைப் பாராட்டினாராம்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள், ஷிப்ட் முடியும் முன்பே வேன் ஒன்று வந்து வீட்டு வாசலில் நின்றது. கூட வேலை செய்யும் இரண்டு பெண்கள் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கம்பெனிக் கோட்டோடுதான் இருந்தாள். குளுக்கோஸ் ஏற்றிய புறங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நின்னுகினு இருந்தவ அப்டியே சாஞ்சிட்டா. நல்ல வேள, மிஷின் மேல வுழல. ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டர் சொல்றாரு" என்றாள் ஒருத்தி. உடம்பு தேறியதும் வரட்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா பாயை விட்டு எழவில்லை. முதல்முறையாக அத்தை எனக்கு ஊட்டினாள். அம்மா பாயில் படுத்தபடியே, "இன்னும் கொஞ்சம் நெய் வுடும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வழித்துத் தின்று முடிக்கவும் முனையில் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. தட்டோடு வாசலுக்கு ஓடினேன். மற்ற பெண்கள் ஏறினார்கள். பஸ் இன்னொரு தரம் ஹாரன் அடித்துக் கொஞ்சம் நின்று பார்த்தது. பிறகு அம்மாவை விட்டுவிட்டுப் போயேபோய்விட்டது.

என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு அப்படியொரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. தெருவில் குதித்தேன். உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "பஸ்ஸு பூட்சிம்மா, நான் எல்லாத்தயும் துன்னுட்டேன்" என்று கத்தினேன். அவள் என் தலையைத் தடவினாள். கை சில்லென்று இருந்தது.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். விடிவதற்கு முன்பே அவளை எழுப்பி ஊட்டிவிட்டுத்தான் நானும் பஸ் ஏறுகிறேன். அவள் மிச்சம் வைப்பதை நின்றவாக்கில் வழித்துப் போட்டுக்கொள்கிறேன். நடந்ததெல்லாம் தெரிந்தும், என் வீட்டிலும் எனக்கென்று ஒரு தட்டு இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னால், குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்கிறாள். அம்மா அன்று சாய்ந்ததற்குப் பிறகு வேலைக்குப் போகவே இல்லை. போன தெம்பு திரும்பவும் இல்லை. இது எங்களோடு முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அம்மா படுத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா அன்று ஓவர்டைமுக்குப் போயிருந்தார். அத்தை கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து சுவரொட்டி வாங்கி வந்தாள். ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று உடம்பு வெளுத்துப்போன பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் கொடுப்பது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான், அதுவும் உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கும். மிளகு போட்டுப் பிரட்டி, தன் தட்டிலேயே வைத்து, அம்மாவை எழுப்பிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள்.

"அண்ணி, இது ஒனக்கு. கொயந்தைக்கு குடுக்காத" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குப் போனாள்.

அம்மா ஒரு துண்டை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். எதிரில் நான் நின்றிருந்தேன். நான் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. அவள்தான் மெதுவாக எழுந்துபோய் என் சின்னத் தட்டை எடுத்து வந்து எல்லாத் துண்டுகளையும் அதில் மாற்றினாள்.

"நீ மொதல்ல துன்னு கண்ணு. மிச்சத்த அம்மா துன்றேன்."

நான் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு துண்டு பாக்கி இருக்கும்போது, "போதும்னா வெச்சிடு" என்றாள். நான் நிறுத்தவில்லை. கடைசித் துண்டு வந்ததும் கையை நீட்டி, "அத வெய்யேன். அம்மா ருசி பாக்கறேன்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மிச்சம் வைத்தால் பஸ் வந்துவிடும். அம்மா மறுபடி போகப் பார்க்கிறாள். நான் விடுவேனா? இரண்டு கையாலும் தட்டைப் பொத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்து அந்தத் துண்டையும் தின்றேன். ஒட்டியிருந்த மசாலாவை விரலால் வழித்தேன். பிறகு தட்டைக் கவிழ்த்து அவளுக்குக் காட்டினேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்மா, வந்து பாரேன். ஒரு துண்டு வெக்கல" என்று அத்தையைக் கூப்பிட்டாள்.

மிஷின் சத்தம் நின்றது. அத்தை வந்து என் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். நெற்றியில் அறைந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தேன். அவளுக்கும் சரியாகத் தெரியட்டும் என்று கிட்டே போய், தட்டை இன்னொரு முறை கவிழ்த்துக் காட்டினேன்.