குனியாமல் சொன்ன தீர்ப்பு

எண்பதுகளில் திண்டிவனத்தில் பழைய ஜீப் வாங்குவோர், அது அசல்தானா என்று என்னைக் கேட்டே முடிவு செய்வர். ராணுவ ஏலத்தில் தன் தந்தை எடுத்த ஜீப்பை விற்க அந்தோணி என்ற விவசாயி கொண்டுவந்தார். வாங்க வந்தவரும் பக்கத்தில் நின்றார். பானட்டின் பெயின்ட்டைச் சுரண்டினேன், அதனடியில் ராணுவப் பச்சை இல்லை.

“அசல் இல்ல, ஒட்டுப்போட்ட வண்டி” என்றேன்.

“பானட்டு மட்டுந்தாங்க மாத்துனது. அடியில குனிஞ்சு பாருங்க சார். இவரும் வேணான்னுட்டா எடைக்குத்தான் போடணும்.”

வெள்ளை வேட்டியோடு புழுதியில் குனிய என் கௌரவம் இடம் தரவில்லை. வாங்க வந்தவர் போய்விட்டார்.

மறுமாதம் விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் நான் சுரண்டிய பானட்டின் பக்கத்தில் அந்த ஜீப்பின் அடிச்சட்டமான சேஸிஸ் துண்டுகளாகக் கிடந்தது. அதில் ராணுவப் பச்சையும் அசல் எண்ணும் தெளிவாக இருந்தன.

பின்பு அந்தோணி வழியில் வணங்கினார்.

“எங்கப்பா சாவுற மட்டும் அசலுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. ஏமாந்துட்டாரு போலங்க சார்.”

நான் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தேன். அந்தோணி இறக்கும்வரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.