அண்ணன் வண்டியை அணைத்த ஞாயிற்றுக்கிழமை

இந்த நினைவு மலரின் அட்டைக்கு அண்ணன் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று தேவைப்பட்டது. எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் தேடினோம். கிடைத்த படங்களில் அவர் யாருக்காவது பின்னால் நிற்கிறார். இல்லையென்றால் எடுத்து முடிக்கும் முன்பே நகர்ந்து முகம் கலைந்திருக்கிறது. அட்டையில் நீங்கள் பார்ப்பது ஒரு காதுகுத்தில் எடுத்தது. அதில் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அப்படி அவர் உட்கார நேர்ந்தது எப்படி என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். நம் சொந்தபந்தத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கதையையும் அதன்வழியே திருத்த வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது அமராவதி நகரை அடுத்த ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில். அப்பா அருகிலிருந்த விடுதிப் பள்ளிக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருநாள் மூட்டை இறக்கக் கூடப் போன அண்ணனை அங்கிருந்த குத்துச்சண்டைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். மெலிந்த மாணவன் ஒருவனுக்கு எதிரே நிற்க அதே எடையில் ஆள் இல்லை. அண்ணனுக்குக் கையுறையை மாட்டி நிறுத்தினார். மூக்கில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்த அண்ணன், மறுநாளும் மூட்டை இறக்கப் போக வேண்டுமென்று அப்பாவிடம் அடம் பிடித்தார்.

கிணறு வற்றியதும் குடும்பம் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்கு வந்தது. அப்பாவுக்கு ஒரு நிட்டிங் கம்பெனியில் காவல் வேலை. அண்ணனுக்கு அதே கம்பெனியில் மெஷின் வேலை. ஷிப்ட் முடிந்தால் பஞ்சுத் தூசியோடு ஓடப் போவார். சாப்பிடுவது நின்றுகொண்டே. பேருந்துக்கு நிற்கும்போதும் தோள் அசைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளி நிற்பார்கள். அப்பா காலமான பின் என்னைப் படிக்க வைத்தவரும் கட்டிக் கொடுத்தவரும் அண்ணன்தான். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒருமுறை உடுமலைப்பேட்டைக்குப் பெண் பார்க்கக் கூட்டிப் போனோம். காபி வருவதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெண்ணின் தகப்பனார், "மாப்பிள்ளைக்கு அவசர சோலிங்களா?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

எனக்கு மாப்பிள்ளை தேடி அவர் வெகுதூரம் போகவில்லை. போட்டிகளில் தம் மூலையில் நின்ற நண்பரையே பார்த்தார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் வீரருக்குத் தண்ணீர் கொடுத்து, ரத்தத்தைத் துடைத்து, அடுத்த சுற்றுக்கு அனுப்புகிறவரை மூலைக்காரர் என்பார்கள். என் கணவர் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். விடுமுறை நாட்களில் அண்ணனுக்கு மூலைக்காரர்.

மாவட்டம், மாநிலம் என்று ஆடி, பிறகு அண்ணன் தொழில்முறைப் போட்டிகளுக்குப் போனார். அங்கே தலைக்கவசம் கிடையாது, சுற்றுகள் அதிகம். சென்னை, பெங்களூர், ஒருமுறை பாங்காக். வென்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. தோற்ற பின்பும் நின்றுகொண்டிருந்தார் என்பதுதான் அவருக்கு இருந்த பெயர்.

இனி அந்தப் பெங்களூர் போட்டி. இதைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இது.

திருப்பூரில் எதையும் துடைக்க யாரும் துண்டு வாங்குவதில்லை. வெட்டியது போக மிஞ்சும் பனியன் வேஸ்ட் துணிதான் மெஷினுக்கும் வண்டிக்கும் கைக்கும். என் கணவரின் மூலைப் பையிலும் அதுவே இருக்கும். வியர்வை துடைக்க அதைவிட நல்ல துணி இல்லை. ஐந்தாவது சுற்றில் அண்ணனின் இடக்கண் மூடிவிட்டது. கைகள் இறங்கிவிட்டன. அடிகள் விழுந்துகொண்டிருந்தன, அவர் நின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மூலைக்காரர் துண்டை மேடைக்குள் எறிவது வழக்கம். என் கணவர் கையிலிருந்ததை எறிந்தார். காய்ந்த பனியன் துணிக்கு எடை கிடையாது. அது காற்றில் விரிந்து, திரும்பி, மேடைக் கயிற்றில் தொங்கியது. நடுவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் கயிற்றுக்குள் நுழைந்து கத்தும்வரை அடிகள் விழுந்தன.

கோவையில் கண் அறுவை சிகிச்சை நடந்தது. விழித்திரை விலகியிருந்தது. பார்வை பாதிதான் மீண்டது. இனி மேடை ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

துணி போய்ச் சேராததால்தான் அண்ணனுக்குக் கோபம் என்று சொந்தத்தில் எல்லோரும் நம்பினார்கள். கல்யாண வீடுகளில் என் கணவரைப் பார்த்து, "கட்டிங் மாஸ்டருக்குத் துணிய வெட்டத்தானுங்க தெரியும், எறியத் தெரியாது" என்பார்கள். அவர் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிடுவார். ஆனால் கோபம் அதற்கல்ல. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவரும் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"யாரக் கேட்டு எறிஞ்சீங்க மாப்ள?"

"கேக்கற நெலமைலயாங்க மச்சான் இருந்தீங்க?"

"நான் நின்னுட்டுத்தான இருந்தேன்."

"நின்னீங்க. அதான் பயமாப் போச்சு."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். துணி விழுந்த இடம் அவருக்குப் பொருட்டே அல்ல. எறிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு வாசல்வரை வருவார். சீரை என் கையில் கொடுப்பார். வண்டியை அணைக்கமாட்டார், அது உறுமிக்கொண்டே இருக்கும். "உள்ள வாங்கண்ணா" என்றால், "ஹால்ல புள்ளைக காத்திருக்காங்க கண்ணு" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்.

ஹால் என்று அவர் சொன்னது, மூடிப்போன நிட்டிங் கம்பெனி ஒன்றின் மாடி. அங்கேதான் பயிற்சியாளரானார். குத்திப் பழகும் பைகளில் பனியன் வேஸ்ட்டையே அடைத்து விட்டத்தில் தொங்கவிட்டார். செக்கிங், டெய்லரிங் வேலை முடிந்து தென்மாவட்டத்துப் பெண்கள் வந்தார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களுக்காக இந்தியில் எண்ணக் கற்றுக்கொண்டார். பத்துக்கு மேல் தமிழுக்கு மாறிவிடுவார், அவர்களும் மாறிக்கொண்டார்கள். அந்த ஹாலில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

இதற்கிடையில் என் மகள் பிறந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அண்ணனிடம் கேட்டேன். "சீரெல்லாம் கொறையில்லாம அனுப்பி வெக்கறேன் கண்ணு" என்றார். மடியைப் பற்றிப் பேசவில்லை. மடியில் வைத்தால் எதிரே குழந்தையின் தகப்பன் நிற்பார். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

என் மாமியார் நாள் தள்ளிப்போவதைப் பொறுக்காமல் ஒரு வழி சொன்னார்: "உங்க சித்தப்பன் மகனும் தாய்மாமன்தான கண்ணு. எந்த மடியா இருந்தா என்ன, காது ஓட்டையாகோணும்."

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மச்சான் இருக்கறப்ப வேற மடி எதுக்கும்மா? காது எங்கயும் போயிராது."

ஒவ்வொரு தையிலும் பேச்சு எழும், அடங்கும். மகள் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் கேலி செய்தார்கள் என்று ஒட்டுத்தோடு வாங்கி ஒட்டிக்கொண்டாள். வியர்த்தால் அது விழுந்துவிடும், தேடிக்கொண்டிருப்பாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது அணைகிறதா என்று காதுகொடுத்துக் கேட்போம். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அண்ணனிடம் பழகியவர்களில் ஜெபராணி தொழில்முறைக்குப் போனவர். பகலில் செக்கிங் வேலை. குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய மூன்றாவது போட்டி கோவையில் நடந்தது, மூலையில் அண்ணன். அங்கே நடந்ததை ஜெபராணியே என்னிடம் சொன்னார். நான்காவது சுற்றில் ஜெபராணியின் கைகள் இறங்கிவிட்டன. அடிகள் விழுந்தன, விழாமல் நின்றார். அண்ணன் தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு கனமானது. அதைத் தண்ணீரில் நனைத்தும் வைத்திருப்பார். எறிந்தார். அது நடுவரின் காலடியில் போய் விழுந்தது. ஆட்டம் நின்றது.

ஜெபராணி மூலைக்கு வந்து பல்காப்பைத் துப்பினார். "யாரக் கேட்டு அண்ணாச்சி எறிஞ்சீய? நான் நின்னுக்கிட்டுதான இருந்தேன்?"

"அவிய என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ" என்றார் ஜெபராணி என்னிடம். "நான் கோவத்துல கைப்பட்டியக்கூட அவுக்க விடல. வேன்ல திருப்பூர் வர்ற வரைக்கும் அவிய உக்காரவே இல்ல, கம்பியப் புடிச்சுக்கிட்டே வந்தாவ."

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மகள்தான் முதலில் எழுந்து ஓடினாள். அண்ணன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கணவர் வாளியோடு குளியலறை வாசலில் நின்றிருந்தார்.

"மாப்ள, முகூர்த்தம் எப்ப வெச்சிருக்கீங்க?"

"எதுக்குங்க மச்சான்?"

"காது குத்தறதுக்குத்தான். புள்ளைக்கு. பின்ன எனக்கா?"

என் கணவர் வாளியைக் கீழே வைத்தார். "அவ வளந்துட்டாங்க. உங்க மடி தாங்குமான்னு பாத்துக்கங்க."

"தாங்கலீனா நிறுத்தச் சொல்லுங்க. நீங்கதான் மூலைல நிப்பீங்களே."

மன்னிப்பு என்ற சொல்லோ, பெங்களூர் என்ற பெயரோ இருவர் வாயிலும் வரவில்லை. அண்ணன் அன்றைக்கும் உட்காரவில்லை; நின்றபடியே இட்லி சாப்பிட்டார். ஆனால் மதியம்வரை இருந்தார்.

முருகன் கோயில் மண்டபத்தில் காது குத்தினோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மாமன் மடியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அவள் திமிறினாள். அண்ணன் அவள் இரு கையையும் பிடித்துக்கொண்டு, "தாடைய எறக்கு கண்ணு, கண்ண மூடாத, எதுக்க இருக்கறவரையே பாரு" என்றார்.

"தாடைய எறக்குனா நான் எப்படீங்க குத்தறது?" என்றார் ஆசாரி.

அட்டைப்படம் அந்த நொடியில் எடுத்தது.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அண்ணனின் கைகள் நடுங்கத் தொடங்கின. தூக்கம் போயிற்று. விடியும் முன்பே நடக்கக் கிளம்புவார். வழி மறந்துவிடும் என்பதால் என் கணவரும் கூடப் போவார். பழைய அடிகள்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். எவ்வளவு சீக்கிரம் நிறுத்தினாரோ அவ்வளவுக்கு நல்லதுதான் என்று மட்டும் சொன்னார். ஹால் படியில் விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்தபோது கோவைக்குக் கொண்டுபோனோம். படுக்கையில் அவரைக் கிடத்த முடியவில்லை. குழாய்களைப் பிடுங்கினார். கையைக் கட்டிவைக்கலாமா என்று செவிலியர் தயங்கிக் கேட்டார். என் கணவர் மெத்தென்ற துணிப்பட்டை வாங்கி வந்து, போட்டிக்கு முன் கைப்பட்டி சுற்றுவதுபோல மணிக்கட்டிலிருந்து சுற்றத் தொடங்கினார். அண்ணன் கண் திறக்காமலே இரு கையையும் நீட்டி, விரல்களை விரித்துக் கொடுத்தார். அதன்பின் பிடுங்கவில்லை.

"எத்தன ரவுண்டு மாப்ள?"

"நீங்க சொல்ற வரைக்குமுங்க மச்சான்."

மூன்றாம் நாள் காலை அண்ணன் காலமானார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தயங்கிக் கேட்ட அந்தச் செவிலியருக்கும், ரத்தம் கொடுக்க ஷிப்டை விட்டு வந்த ஹால் பிள்ளைகளுக்கும், மாடியை இன்றுவரை பயிற்சிக்கே விட்டுவைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோபித்துக்கொண்டு போய், "அங்கன போகாம வேற எங்க போறது" என்று திரும்பி வந்து, இப்போது அந்த ஹாலை நடத்தும் ஜெபராணிக்கும்.

இன்னொருவர் மீதம். என் கணவருக்கு அந்தப் பெங்களூர் மாலைக்காக இதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. அண்ணன் சொல்லுகிற ஆள் இல்லை. அவர் வண்டியை அணைத்ததோடு சரி. அதனால் அதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். இனிமேல் கல்யாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: எறிந்தவர் எறிய வேண்டிய நேரத்தில்தான் எறிந்தார். துணிதான் போய்ச் சேரவில்லை.