பதினாலு அவுன்ஸ் மாவு

பெண் பார்க்கும் சடங்கில் கேக் எப்போது நுழைந்தது? எனக்குத் தெரியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாருவில், என் பக்கத்து வீட்டில் நுழைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் சூசை ரோடு ஓவர்சியர். மகள் பிலோமினாவுக்குச் சிங்கப்பூரில் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் தாயார் அந்தோனியம்மாள் கோவில் வாசலில் வைத்து வாயாலேயே பக்குவம் சொல்லியிருக்கிறார். "முட்டை ஆறு, மாவு பதினாலு அவுன்ஸ். பொண்ணு சுட்டு வைக்கட்டும். சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு சொல்றோம்."

சாயங்காலம் பாலம் தாண்டி வருகிறார்கள். மத்தியானம் சூசை என் வாசலில் நிற்கிறார். கையில் காலிப் பால் டின்.

"சார், இதுல ஒரு டின் மாவு போட்டா பதினாலு அவுன்ஸ். சரிதானே?"

"யார் சொன்னது?"

"டின்லயே போட்டிருக்கே சார்!"

போட்டிருந்தது உண்மை. ஆனால் அது பாலின் எடை! அதே டின்னில் பொரியை அடைத்தால் பதினாலு அவுன்ஸ் ஆகுமா? சுங்க இலாகாவில் மூட்டைகளை நிறுத்தே நரைத்தவன் நான். என்னிடமா?

"பாதிகூட வராது" என்றேன்.

"அலமாக்! அப்ப எவ்ளோதான் சார் போடறது?"

பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து பிலோமினாவின் குரல். "அப்பா, முட்டை நுரை அடங்குது! கரி வேற கனிஞ்சு போச்சு! பேசிக்கிட்டே நிக்காதீங்க!"

எதிர்க்கடைச் சீனரின் தராசில் அவுன்ஸ் கிடையாது, தாயில் என்கிற சீன எடைதான். மூன்று தாயில் என்றால் நாலு அவுன்ஸ். ஆக, பதினாலு அவுன்ஸுக்குப் பத்தரை தாயில். வெயிலில் நானே ஓடினேன். நிறுத்தேன். மறுபடியும் நிறுத்தேன். இரண்டு டின்னுக்கும் மேலே வந்தது மாவு.

"இவ்ளோவா மாமா?" பிலோமினா தயங்கினாள்.

"எடை பொய் சொல்லாதும்மா. கொட்டு."

கேக் வெந்தது. உப்பத்தான் இல்லை. கத்தியை வைத்தால்... சத்தம் வந்தது.

சாயங்காலம் அந்தோனியம்மாள் வந்து உட்கார்ந்து ஒரு துண்டை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். சூசை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாவு எவ்வளவு போட்டே?"

"நீங்க சொன்ன பதினாலு அவுன்ஸ்தான் அத்தை. மாமா தராசுல நிறுத்துக் குடுத்தாங்க."

"தராசா? அது எதுக்கு? எங்க வீட்ல பால் டின்னால ஒரு டின்னு. அதான் டின்லயே போட்டிருக்கே, பதினாலு அவுன்ஸ்னு!"

சூசையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஒரு கேக் துண்டுக்காக இந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ?

மாப்பிள்ளை மெதுவாக இன்னொரு துண்டை எடுத்தார். காப்பியில் முக்கினார். "ஊறினா நல்லாத்தான்மா இருக்கு."

தாயார் மகனைப் பார்த்தார். பிலோமினாவைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"சரிண்ணே, தேதி வைங்க. நம்ம வீட்டுக்கு வந்து நம்ம டின்ல அளக்கட்டும்."

இரண்டு தப்புகள் சந்தித்திருந்தால் பஞ்சு மாதிரி கேக் வந்திருக்கும். ஒரு தப்பும் ஒரு சரியும் சந்தித்தன, செங்கல் வந்தது. உலகம் பாதி இப்படித்தான் நடக்கிறது.

ஆனாலும் சொல்கிறேன் — பதினாலு அவுன்ஸ் என்றால் பத்தரை தாயில்தான்!