செவலைச் சேவலின் கழுத்து இறகு

என் மாமனார் மாடு கட்டும் தொண்டுப்பட்டியில் குத்தவைத்து, தன் செவலைச் சேவலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதன் கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஒவ்வொரு இறகுக்கும் சேவல் துள்ளும். "பொறுத்துக்க சாமி" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அடுத்த இறகில் கை வைப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மில்லை ஒட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறைதான் குடித்தனம். தலைப்பிரசவத்துக்காக அன்னூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போன என் மனைவியை, மகன் பிறந்து பல மாதங்கள் ஆகியும் மாமனார் திருப்பி அனுப்பவில்லை. "பஞ்சுத் தூசில பச்சப்புள்ளய எப்படீங்க மாப்பிள்ள வளப்பீங்க? நல்ல ஊடாப் பாருங்க, அப்பறம் அனுப்பறனுங்க" என்பார். கோபத்திலும் அந்த 'ங்க' குறையாது. அப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் சண்டை போடுவது? நான் போகும்போதெல்லாம் பையன் அவர் தோளில்தான் கிடப்பான். என்னைக் கண்டால் வீறிட்டு அழுவான். பெற்றவனுக்கு அதைவிட அவமானம் வேறு வேண்டுமா!

மில்லுக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமர நிழலில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. அதைக் கொடுப்பது வெள்ளைக்கார எஞ்சினியர் துரையின் கையில். துரைக்கு நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பது ஒரு பைத்தியம். தூண்டிலில் புழு கோத்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல், இறகு கட்டிய கொக்கிதான் வேண்டும். நீளமான சேவல் இறகுகளைக் கொக்கியின் முதுகோடு நூலால் கட்டியிருப்பார்கள். தண்ணீரில் இழுத்தால் பொடிமீன் நீந்துகிற மாதிரி இருக்கும், பெரிய மீன் ஏமாந்து கவ்வும். சீமையிலிருந்து அவர் வரவழைத்திருந்ததையெல்லாம் அந்த மழைக்காலத்தில் பூச்சி அரித்துவிட்டது. மீன்பிடிப் பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வீடு கேட்டுப் போய் நின்றபோது, மிச்சமிருந்த ஒன்றை நீட்டி, "இதே மாதிரி கட்டிக் கொண்டு வா, வீட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார். நானும் வீறாப்பாக வாங்கிக்கொண்டேன்.

தேன்மெழுகு தடவிய பட்டு நூல் ஆயிற்று, கொக்கியின் உடம்பில் சுற்ற வெள்ளிச் சரிகையும் ஆயிற்று. இறகுதான் வாய்க்கவில்லை. கறிக்கடைக் கோழி இறகு அகலமாக இருந்தது, நனைந்ததும் கந்தலாகச் சுருண்டது. சண்டைச் சேவலின் கழுத்து இறகு ஒடுக்கமாக நீண்டிருக்கும், தண்ணீரில் உயிருள்ளதுபோல நெளியும். சண்டைச் சேவல் என்றால் எங்கள் சொந்தத்தில் மாமனார்தான். வெட்கத்தை விட்டுப் போனேன். எதற்கென்று ஒளிக்காமல் சொன்னேன். சேவற்கட்டில் தோற்றுச் செத்த சேவலைக் கோச்சை என்போம். ஜெயித்தவர் வீட்டில் அது குழம்பாகிவிடும், இறகு குப்பைக்குப் போகும். அந்த இறகு கிடைத்தால் போதும் என்றேன்.

"தோத்த சேவலோட இறகக் கட்டியுட்டா எந்த மீனுங்க மதிக்கும்?" என்றார் மாமனார்.

மீனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? நான் அப்படி நினைக்கும்போதே அவர் எழுந்து போய்ச் செவலையின் கால்கயிற்றை அவிழ்த்தார். தை மாதச் சேவற்கட்டுக்கென்றே வருஷம் முழுக்கக் கையில் வைத்து ஊட்டி வளர்த்த சேவல் அது. கழுத்து மொட்டையான சேவலைக் களத்தில் இறக்க முடியாது. முதல் கொத்திலேயே எதிரிச் சேவல் கதையை முடித்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. எனக்கு வீடு கிடைத்தால் பேரன் தன் தோளை விட்டுப் போய்விடுவான் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் பிடுங்கினார். இன்றைக்கு நானும் ஒரு மாமனார். என் மாப்பிள்ளை வந்து நின்றால் அப்படி ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வருமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை.

அந்தத் தையில் அவர் கூட்டத்தோடு கூட்டமாக வெறுங்கையுடன் நின்று வேடிக்கை பார்த்தாராம். நான் கட்டிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மலையேறிய துரை, இறங்கி வந்ததும் வாயெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த வாரமே வண்டி கட்டிக்கொண்டு மாமனார் வந்தார். என் மனைவி சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் பேரனைத் தோளில் போட்டபடி அறை அறையாகப் போய், ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துத் தூசி பார்த்தார். நான்தான் பேச்சைத் தொடங்கி, துரைக்கு முழங்கை நீளத்துக்கு மீன் மாட்டியதாம் என்றேன்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்ப நம்ம செவல கெலிச்சுப்போட்டானுங்களா மாப்பிள்ள?"

"கெலிச்சுப்போட்டானுங்க மாமா."

"அது போதுமுங்க" என்றவர், பையனைத் தோளிலிருந்து எடுத்து, அவன் அழ அழ என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.